பெரியம்மா தைத்த பாதி நாவல்

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ என்றதும் எல்லோருக்கும் ஜீனோதான் நினைவுக்கு வரும். புத்தகம் படித்து, மனிதர்களை மடக்கிப் பேசும் இயந்திர நாய். எனக்கோ அது புருஷனைத் தேடிப் புறப்பட்ட ஒருத்தியின் கதை. நான் முதலில் படித்தது பாதி நாவலைத்தான்.

1980களில் ஆனந்த விகடனில் அது தொடராக வந்தபோது, குலசேகரன்பட்டினத்தில் என் பெரியம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சாக்கு ஊசியால் தைத்து வைத்திருந்தார். பெரியப்பாவுக்குக் கொழும்பில் கடை. 1983 ஜூலைக்குப் பிறகு கடிதம் இல்லை. ‘ஜூலைக் கலவரம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம்; நடந்தது தமிழர்கள் மீதான வேட்டை. ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் ஒருவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். சொந்தக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை, தாலியைக் கழற்றச் சொன்னார்கள். பெரியம்மா மனு எழுதிக்கொண்டிருந்தார். (எட்டாவதோடு நின்றவர். அவருடைய மனுத் தமிழ் என் ஆய்வேட்டுத் தமிழைவிட நேரானது.)

நாவலில் காலம் 2021-22. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். நிலாவுக்கு அனுமதி கிடைக்கிறது. கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் தேடத் தொடங்குகிறாள். துப்பறிகிறவள் போலீசும் இல்லை, கணேஷ்-வசந்தும் இல்லை. வீட்டிலிருந்த பெண். அவளிடம் இருப்பது ஒரே கேள்வி: அவர் எங்கே?

கதை புரட்சிக்குள் நுழையும் இடத்தில் பெரியம்மாவின் தையல் நின்றுவிடுகிறது. மீதியைக் கல்லூரி நூலகத்தில்தான் படித்தேன். ரவியும் மனோவும் ஜீவாவைக் கவிழ்க்கத் திட்டமிடுகிறார்கள். ஜீவா ஆளே இல்லை, ஹோலோகிராம் பிம்பம் என்று தெரிகிறது. நிலா ராணியாகிறாள். அடுத்து வந்த ‘மீண்டும் ஜீனோ’வில் முகம் அவளுடையது, ஆட்சி ரவிக்கும் மனோவுக்கும். அவளை எதற்கு அரியணையில் உட்கார வைத்தார்கள் என்பதை சுஜாதா அறிந்தே எழுதியிருக்கிறார். ஆனால் துப்பறியும் கதையில் ஒருவர் காணாமல் போனால் கதையே அவரைச் சுற்றித்தான் நடக்கும். போர்க்கதையில் அவர் எண்ணிக்கையில் ஒன்று.

ஆங்கிலத்திலும் இதே திருப்பம் உண்டு. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற பெயரில் இருவர் சேர்ந்து எழுதிய ‘லெவியாத்தன் வேக்ஸ்’ (2011) நாவலில் மில்லர் என்ற துப்பறிவாளன் ஜூலி மாவோ என்ற பெண்ணைத் தேடுகிறான். அவள் பிணமாகக் கிடைப்பதற்குள் பூமி, செவ்வாய், குறுங்கோள் பட்டை எல்லாம் போரின் விளிம்புக்கு வந்துவிடுகின்றன. அங்கே பெண் தேடப்படுகிறவள். நம்முடைய கதையில் அவளே தேடுகிறவள். அவள் கையிலிருந்த கேள்வியைப் பிடுங்கிக் கிரீடத்தைக் கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

“ஏன் பெரியம்மா பாதியிலேயே விட்டுட்டீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பொறவு அவனுவ சண்டைதானளா. அவ கேட்டதுக்கு எவன் பதில் சொன்னான்?”

தசராவின் பத்தாம் நாள் இரவு, முத்தாரம்மன் மகிஷனை வதைக்கும் கடற்கரைக்கு அவரும் கூட்டத்தோடு போவார். திரும்பும்போது சொல்வார்: “அம்மைக்குச் சண்டை போட்டா முடிஞ்சிது. தேடதுக்கு ஆளு இல்லல்லா.”

2009 மே மாதம் ஈழத்தில் போர் முடிந்தது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் பெண்கள் புகைப்படங்களோடு சாலையோரப் பந்தலில் உட்கார்ந்தார்கள். மகன் எங்கே, கணவன் எங்கே என்று கேட்டார்கள். செய்தியில் பார்த்தபோது பெரியம்மா உயிரோடு இல்லை.

2024 பிப்ரவரி 28 அன்று குலசையில் இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியபின் என் மாணவிகளுக்கு அறிவியல் புனைகதை மேல் திடீர் ஆசை. இந்த நாவலைக் கொடுத்தேன். ஒருத்தி, “நிலா ராணியானது வெற்றிதானே மேம்?” என்றாள். பதில் சொல்லாமல், முடிசூட்டலுக்கு மறுநாள் காலை என்ன நடந்திருக்கும் என்று எல்லோரையும் எழுதச் சொன்னேன். பலர் சட்டங்கள் இயற்றினார்கள். கடைசி பெஞ்சில், அதிகம் பேசாத பெண் ஒரு பக்கம்தான் எழுதியிருந்தாள். அதில் நிலா கிரீடத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, காணாமல்போனவர்களின் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்கிறாள். பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்கிறாள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிறது, அவள் எழுந்திருக்கவில்லை.