பூட்டில் ஒரு பேட்டரி

காலை ஆறு மணி நிகழ்ச்சிக்கு நாலரைக்கே வீட்டிலிருந்து கிளம்புகிறவன் நான். அப்பா விட்டுப்போன பழைய புரோட்டோன் வீராதான் எனக்குத் துணை. அதன் பேட்டரியைப் பூட்டுக்கு மாற்றலாம் என்று தம்பி சொன்னபோது நியாயமாகத்தான் பட்டது. என்ஜின் சூடு படாது, முன்பக்கம் பாரம் குறையும். பிஎம்டபிள்யூவில் பல மாடல்களுக்குப் பேட்டரி பின்னால்தானே!

ஒரு சனிக்கிழமை இருவருமே உட்கார்ந்து முடித்தோம். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மெல்லிய வயர் தாங்காது என்று சுண்டுவிரல் கனத்தில் கேபிள் வாங்கினோம். கார்ப்பெட்டுக்கு அடியில் ஓட்டி, முன்தகட்டில் துளை போட்டு என்ஜினுக்குக் கொண்டுபோனோம். நெகட்டிவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி பாடியில் முடுக்கினோம். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. எனக்கு ஒரே பெருமை.

மூன்று மாதம் அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக் கோயில், கல்யாணம் என்று சுற்றினேன். பிறகு ஏர்கோன் பார்க்கப் போன இடத்தில், பூட்டை எட்டிப் பார்த்த போர்மேன் அங்கிள் கேட்டார்:

"ஃபியூஸ் எங்கே தம்பி?"

"முன்னால் ஃபியூஸ் பாக்ஸ் இருக்கே அங்கிள்."

அவர் பதில் சொல்லவில்லை. கார்ப்பெட்டைத் தூக்கி, கேபிள் தகட்டைத் தாண்டும் இடத்தைக் காட்டினார். ரப்பர் வளையம் போடாத துளை. தகட்டின் விளிம்பு உறையைப் பாதிக்கு மேல் அறுத்திருந்தது.

"செம்பு பாடியில பட்டா கேபிள் பழுத்துடும். சாவிய எடுத்தாலும் நிக்காது. பேட்டரியில இருந்து நேரா வர்ற லைன் இது. முன்னால இருக்கிற பாக்ஸ் இதுக்குக் காவல் இல்ல."

அந்தக் கேபிள் ஓடியது அம்மா கால் வைக்கும் இடத்துக்குக் கீழே.

இதில் வேடிக்கை, பக்கத்திலேயே ஆம்பிளிஃபயருக்குப் போன ஒல்லி வயரில் ஃபியூஸ் இருந்தது. கிட்டோடு வந்தது! வானொலிக்காரன் புத்தி, பாட்டுக்கு மட்டும் காப்பு.

அங்கிள் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் பெரிய ஃபியூஸ் போட்டார். துளைக்கு ரப்பர், கேபிளுக்குக் குழாய் உறை. சாதாரண ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், மூடிய பூட்டுக்கு ஆகாது என்று சீல் செய்த ஏஜிஎம் பேட்டரி வைத்து, அதன் வாயுக் குழாயையும் வெளியே விட்டார். அசையாமல் கிளாம்ப் பூட்டினார்.

தம்பி இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. துளை போட்டது நான்தான், அவனுக்கும் தெரியும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தை முதலில் படிப்பவர் அவர்தான்.