சேத்தூர்ச் சாலையில் விறகுப் பாரம்

சேத்தூருக்கு விறகு இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. மேற்கே மலையடிவாரத் தோப்புகளிலிருந்து தென்னை மட்டையும் பாளையும் மாங்கிளையும். கிழக்கே முகவூர், தளவாய்புரம் பக்கத்துக் கரிசல் காடுகளிலிருந்தும் கண்மாய்க் கரைகளிலிருந்தும் சீமைக் கருவேலமும் பருத்திமாரும். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் நெடுஞ்சாலை இந்த இரண்டுக்கும் நடுவே ஊரைக் கடக்கிறது. தலைச்சுமை, சைக்கிள், மொபெட், குட்டியானை, டிராக்டர் என்று எல்லாம் அந்த ஒரே சாலையில்தான் வந்து சேர்கின்றன.

மேற்கே தேவதானம், சாஸ்தா கோயில் வழியாக மலையை நோக்கிப் போனால் தோப்பு முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த மலைத்தொடர், 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. சரணாலயத்திலிருந்து அகற்றப்படும் வனப்பொருளைச் சுற்றியுள்ள மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக் கூடாது என்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலை. அகற்றுவதற்கே வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆகவே விறகு பொறுக்குவதற்கு உரிய இடம் காடு அல்ல, தோப்பு.

தோப்பில் விறகுக்குப் பஞ்சமில்லை. நன்றாக வளர்ந்த தென்னை ஆண்டுக்குச் சுமார் 12 மட்டைகளை உதிர்க்கும். ஏக்கருக்கு 70 மரம் என்று வைத்தாலும் 800 மட்டைக்கு மேல். ஆடிக் காற்றில் ஒரே இரவில் தரை மறைந்துவிடும். “அண்ணாச்சி, மட்டை எடுத்துக்கிடட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் பெண்கள் உள்ளே நுழைவார்கள். தோப்பைச் சுத்தப்படுத்துகிற வேலை கூலியில்லாமல் முடிந்துவிடுவதால் தோட்டக்காரருக்கும் மறுக்கத் தோன்றாது. ஓலையைக் கழித்து, அடிமட்டையை ஓரளவுக்கு வெட்டிக் கட்டாக்குகிறார்கள். மட்டை சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். இடத்தை அடைக்கும், ஆனால் எடை குறைவு.

எடை குறைந்து இடத்தை அடைக்கும் இந்தச் சரக்குக்கு ஏற்ற வண்டி டிவிஎஸ் 50. 1980இல் வந்த அந்த மொபெட்டின் பெயரே பின்னால் வந்த எக்ஸ்எல் வண்டிகளுக்கும் ஊரில் நிலைத்துவிட்டது. காலுக்கு முன்னாலுள்ள வெற்றிடமும் பின்பக்கத்துக் கேரியரும் சேர்ந்து அதை ஒரு சிறு சரக்கு வண்டியாக்குகின்றன. முழுப் பாரத்தையும் கேரியரில் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் சொன்னபடி கேட்காது. அதனால் கனத்த துண்டுகள் முன்னால் காலடியில், நீளமான மட்டைகள் பின்னால். பழைய சைக்கிள் டியூபைக் கீறி எடுத்த ரப்பர் பட்டையால் இறுக்கினால், வழியில் கட்டு குலுங்கித் தளர்ந்தாலும் பட்டை தானே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். கயிற்றில் அது நடக்காது.

கிழக்குப் பக்கத்துச் சரக்கு வேறு ஜாதி. 1870களில் சென்னை மாகாண அரசு வறண்ட நிலங்களில் விறகுக்காகவே வரவழைத்த சீமைக் கருவேலம், இன்று கண்மாய்களையும் தரிசையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது. நீர்நிலைகளுக்கு அது செய்யும் தீங்கு உண்மைதான். ஆனால் ஏழை வீட்டு அடுப்பு பல பத்தாண்டுகளாக எரிந்தது இந்த மரத்தால்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கட்டை கனமானது, நின்று எரியும். செங்கல் சூளைக்கும் ஓட்டல் அடுப்புக்கும் கரிமூட்டத்துக்கும் இதுவே போகிறது.

வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பச்சையாக ஏற்றுகிறவர் டீசலைச் செலவழித்துத் தண்ணீரைக் கொண்டுபோகிறார். வெட்டிய இடத்திலேயே வெயிலில் காயப் போட்டுவிட்டுப் பிறகு வண்டி பிடிப்பது நல்லது. குட்டியானை என்று ஊர் அழைக்கும் டாடா ஏஸ், 2005இல் வந்தபோது முக்கால் டன் சரக்குக்காகச் செய்யப்பட்டது. கோணல்மாணலான கருவேலக் கிளை அந்த எடையை எட்டுவதற்கு முன்பே தொட்டியை நிறைத்துவிடும். அதன் பிறகு பாரம் பக்கவாட்டிலும் பின்னாலும் நீளத் தொடங்குகிறது. அப்படி வெளியே துருத்தும் சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 20,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கிறது. இரவில் துருத்திய கம்பு எதிரே வருபவர் கண்ணுக்குத் தெரியாது என்பதை நினைத்தால் கடுமை நியாயமானதே. ஒரே அளவாக வெட்டி, அடியும் நுனியும் மாறி மாறி வரும்படி அடுக்கினால் அதே தொட்டியில் கூடுதலாகவே கொள்ளும்.

டிராக்டர் டிரெய்லருக்கு மாட்டு வண்டிக்காரர்களின் முன்பாரம், பின்பாரக் கணக்கே பொருந்தும். இரண்டு சக்கர டிரெய்லரில் அச்சுக்குப் பின்னால் எடை கூடினால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும், டிரெய்லர் வாலாட்டும். முன்பாரம் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். மிகவும் கூடினால் ஸ்டியரிங் லேசாகிவிடும்.

ஆனால் எந்த வண்டியும் வரப்பில் ஏறாது. தோப்பின் உள்ளிருந்தோ கண்மாயின் நடுவிலிருந்தோ வண்டிப்பாதை வரைக்குமான தூரம் சும்மாட்டின் மேல்தான் கடக்கப்படுகிறது. பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில். திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்கு அளவே பாத்திரத்துக்குப் போய்ச் சேர்கிறது. அந்தக் கணக்கில், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலைக்கு 150 முதல் 200 கிலோ வரை காய்ந்த விறகு வேண்டும். 25 கிலோ கட்டாகப் பார்த்தால் ஆறு முதல் எட்டு நடை. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பைக் கொண்டுவந்தது; அடுத்தடுத்த சிலிண்டருக்குப் பணம் தேடுவது வீட்டின் பாடு. விறகு சும்மா கிடைக்கிறது என்று சொல்பவர்கள் அந்த நடைகளுக்குக் கூலி போடுவதில்லை. வீட்டில் மொபெட் இருந்தும் அது ஆண்களின் வேலைக்கு மட்டுமே என்றிருப்பது அநியாயம். வரப்பின் முனைவரை அது வந்து நின்றால் சுமக்கும் தூரத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

ஐப்பசி மழைக்கு முன்பு கொண்டுவந்ததை அடுக்கி முடித்தாக வேண்டும். தரையில் கல் போட்டு, அதன் மேல் கனத்த கட்டைகளையும் அவற்றின் மேல் சிறு விறகையும் காற்று புகும்படி அடுக்குகிறார்கள். மட்டையும் பருத்திமாரும் பற்றவைப்பதற்கென்று தனியாகக் கூரைக்கடியில் போகும். மேலே மட்டும் தார்ப்பாய் மூட வேண்டும். பக்கங்களையும் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, கார்த்திகை முழுதும் அடுப்பு புகைந்துகொண்டிருக்கும்.