மரத்தடிக் காவல்

விளையாட்டு நேரம் வந்தால், பார்வை மங்கிய அந்தச் சிறுமியை மரத்தடியில் அமர்த்தி, மற்றவர் காலணிகளுக்குக் காவல் வைத்தவன் நானேதான், தோழர்களே! இரக்கம் என்று அதற்குப் பெயரும் சூட்டினேன். முன்வினை பேசுவோரை மேடையில் சாடும் என் நா, மைதானத்தில் மடங்கிக் கிடந்தது.

‘அனைவர்க்கும் உடற்கல்வி’ என்ற இணையவழிப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவன் நான். எப்படிப் பெற்றேன்? கைப்பேசியில் பாடம் ஓடியது. நானோ குருபரப்பள்ளிச் சாலையோரம் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன்! விளையாட்டிலும் சமவாய்ப்புத் தரவேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதே ஆண்டில், சிறுவயதில் கால் சிதைந்த சேலத்து மாரியப்பன், ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். கை தட்டினோம், மரத்தடிப் பிள்ளையை எழுப்பினோமா?

வெட்கி, அப்பாடத்தை மீண்டும் பார்த்தேன். பந்தை நெகிழி உறையில் சுற்றி உருட்டினால் சலசலக்கும், ஓசை கேட்டு ஆடலாம் என்றது. உருட்டினேன். ஓசூர் நோக்கி விரையும் லாரிகளின் இரைச்சலில் சலசலப்பு செத்தது! நம் ஊர் நெடுஞ்சாலையைத் திரை எங்ஙனம் அறியும்? பள்ளியின் பின்புறம் சென்றோம். பந்து உருளும்போது எவரும் பேசலாகாது என விதி செய்தோம். பிள்ளைகளுக்கு அதுதான் பெரும்பாடு! மூன்றாம் நாள் பந்தைப் பிடித்தாள்.

“ஏன் சார், இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே?” என்றாள்.

பயிற்சி தருவோரே, வினாத்தாளோடு எங்களை விட்டுவிடாதீர்! தத்தம் மைதானத்தில் இத்தகைய பிள்ளையொன்றை ஆடவைத்துக் காட்டிய பின்னரே சான்றிதழ் தாருங்கள். என்னுடையதைத் திருப்பித்தர ஆயத்தமாயிருக்கிறேன்.