விதியும் விதிமுறையும்

விபத்து என்று ஒன்று நேர்ந்துவிட்டால் நம் ஜனங்கள் உடனே எடுக்கும் சொல் "விதி" என்பதாகும். காரியாலயத்தில் உட்கார்ந்து எழுதும் நம்போன்றோர் எடுக்கும் சொல் "கவனக்குறைவு" என்பதாகும். முன்னது படியாதவர் சொல் என்றும், பின்னது படித்தவர் சொல் என்றும் நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பதைச் சென்ற மழைக்காலத்தில் ஒரு மனிதரின் கால் நசுங்கிய பிறகே கற்றுக்கொண்டோம். அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நியாயம் என்று தோன்றியபடியால் இதனை எழுதலானோம்.

நாம் உலு யாம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணி. நம் தகப்பனார் காலத்தில் ரப்பர் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. ஆங்கில வழியில் படித்த காரணத்தால், எந்தப் படிவம் வந்தாலும் அதை நிரப்பும் வேலை நம் மேசைக்கே வந்துசேரும். தோட்டத்தின் கீழ்க்கோடியில் பழைய ஈய லம்பத்துக் குட்டை ஒன்று உண்டு. அதன் கரையை ஒட்டியே குலை ஏற்றும் பாதை போகிறது. ஒரு நாள் காலை, பெரட்டு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகுமுன், பழம் ஏற்றிய டிராக்டர் அக்கரையிலிருந்து சரிந்து கவிழ்ந்தது. ஓட்டியவர் உயிர் தப்பினார், இடதுகால் தப்பவில்லை.

அன்று மாலை விபத்துப் படிவத்தை எடுத்தோம். "காரணம்" என்று ஒரு கட்டம். அதில் "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று அழகான கையெழுத்தில் எழுதினோம். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் மருத்துவமனைக்குச் சென்றபோது அவருடைய தாயார் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் தலையில எழுதினது ஐயா, யாரை நோகிறது?" என்றார். அந்த அம்மாள் தலையில் எழுதியிருக்கிறது என்றார்; நாம் தாளிலேயே எழுதிவிட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான். சொக்சோ பணம் சட்டப்படி வந்து சேரும், அதில் குறையில்லை. ஆனால் எழுதி முடித்த மூன்றாம் நாள் வேறோர் ஓட்டுநர் வேறொரு டிராக்டரை அதே கரைமீது ஓட்டிக்கொண்டு போனார். அதைக் காரியாலயச் சன்னல் வழியே பார்த்தபோதுதான் நம் நெஞ்சில் உறுத்தல் உண்டாயிற்று.

அந்த இரவு காலஞ்சென்ற நம் தாத்தாவின் பேச்சு நினைவுக்கு வந்தது. அவர் தோட்டத்துக்கு வருமுன் இவ்வட்டாரத்து ஈய லம்பம் ஒன்றில் வேலை செய்தவர். அக்கால லம்பத்தின் வேலைமுறையை இன்றைய இளைஞர் அறியார். மண்சுவரின் அடியிலே குழாய்முனையிலிருந்து தண்ணீரைப் பீரங்கிபோல் பாய்ச்சுவார்கள். மண் கரைந்து சேறாகிப் பள்ளத்துக்கு ஓடும். அச்சேற்றைப் பம்பு மேலே இறைத்துப் பாலோங் என்னும் நீண்ட மரத்தொட்டியில் விடும். ஈயக்கல் மணலைக் காட்டிலும் இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. ஆகையால் குறுக்குக் கட்டைகளின் பின்னே அது தங்கிவிட, மணல் அடித்துக்கொண்டு போகும். அடிமண்ணைக் கரைத்தால் மேல்மண் தானே விழும்; வேலையும் சீக்கிரம் ஆகும். அப்படி ஒரு சுவர் விழுந்தபோது தாத்தாவின் தம்பி அடியில் நின்றார். "மண்ணு விழறதுக்கு முந்தி சொல்லுமடா. மேலே வெடிப்பு விடும், சின்னக் கட்டி உருளும். கேட்கத்தான் ஆளில்லை," என்று தாத்தா சொல்வார். ஊரார் அதையும் விதி என்றே முடித்தார்கள்.

நம் வட்டாரத்துக்கு இந்த வழக்கம் புதிதன்று. வடக்கே கோலா குபுவில் பழைய மண்ணணை ஒன்று இருந்தது. 1883-ஆம் ஆண்டு அக்டோபரில் அது உடைந்து ஊரை வாரிக்கொண்டு போயிற்று. மாண்டவர்களில் ஆங்கிலேய அதிகாரியான செசில் ரேங்கிங்கும் ஒருவர். அவர் வெள்ளை முதலை ஒன்றைச் சுட்டார், அது நீரின் காவல் தெய்வம், அதன் கோபத்தால் அணை உடைந்தது என்று கதை கட்டினார்கள். அணையின் மண் எப்படிப்பட்டது, மழை எவ்வளவு, உபரிநீர் போக வழி இருந்ததா என்ற கேள்விகளைவிட முதலைக்கே ஆயுள் நீண்டது. பின்பு லம்பங்கள் கழுவிவிட்ட மண் ஆற்றை மேடாக்கி, வெள்ளத்துக்குமேல் வெள்ளம் வந்து, பழைய ஊர் மணலில் புதையவே, கோலா குபு பாரு என்ற புதிய ஊர் எழுந்தது. இந்த இரண்டாவது அழிவுக்கு முதலை எதுவும் அகப்படவில்லை. மனிதர் கழுவிய மண்ணே ஊரை மூடிற்று.

இனி அமெரிக்க தேசத்தில் நடந்ததைப் பார்ப்போம். 1907-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவின் மொனோங்கா நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி நேர்ந்து, கணக்கில் வந்தவர் மட்டும் 362 பேர் மாண்டனர். அதன்பின் 1910-இல் அரசாங்கம் சுரங்க ஆராய்ச்சிக்கென்றே ஓர் இலாகாவை ஏற்படுத்திற்று. வாயு இல்லாமல் வெறும் கரித்தூள் வெடிக்குமா என்று சுரங்கக்காரர் பலர் ஐயுற்ற காலம் அது. இலாகாவினர் பிட்ஸ்பர்க் அருகே ஆராய்ச்சிக்கென்றே ஒரு சுரங்கம் தோண்டி, அதிலே கரித்தூளைத் தூவி, பார்வையாளர் முன்னிலையில் வெடிக்கச் செய்து காட்டினர். சுண்ணாம்புக்கல் தூளைச் சுரங்கமெங்கும் தூவிவைத்தால் நெருப்புப் பரவாது என்பதையும் அவ்வாறே சோதித்து நிறுவினர். "கவனமாயிரு" என்று தொழிலாளிக்கு ஆயிரம்முறை சொல்வதைவிட ஒரு மூட்டைச் சுண்ணாம்புத்தூள் அதிக உயிர்களைக் காக்கும் என்று தெரிந்தது.

ஆயினும் அந்த இலாகாவுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஆராயலாம், எழுதலாம், அச்சிடலாம்; ஆனால் நிலக்கரிச் சுரங்கத்தினுள் நுழைந்து சோதனையிடும் உரிமை 1941 வரையில் அதற்கு இல்லை. கண்டறிந்த உண்மை ஒருபுறமும், கதவைத் திறக்கும் அதிகாரம் மற்றொருபுறமுமாக முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1996-இல் அந்த இலாகாவே மூடப்பட்டு, பாதுகாப்பு ஆராய்ச்சி வேறோர் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது.

நம்மவர் மிகுதியாய் உழைத்த கோலார் தங்கவயலின் செய்தியும் இதுதான். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறையின்மேல் அழுத்தம் ஏறி, ஒரு கணத்தில் பாறை வெடித்துச் சிதறும். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்த ஓசையைக் கேட்டு வாசலில் நின்றன. அந்தப் பாறை வெடிப்புகளையும் அளக்கலாம், பதியலாம், அவற்றிலிருந்து பாடம் கற்கலாம் என்ற முயற்சியின் வழியில் 1988-இல் அங்கே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தோன்றிற்று. தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அங்கே கற்ற பாடமோ அணைகளுக்கும் மலைக்குடைவுகளுக்கும் பயன்படுகிறது.

நம் மலேசியாவில் ஈப்போ நகரம் இவ்வகை ஆராய்ச்சிக்கு இருப்பிடம். இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய மூன்று அரசாங்கங்களும் சேர்ந்து 1977-இல் அங்கே ஈய ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தன. பாலோங்கில் தங்காமல் சேற்றோடு ஓடிவிடும் நுண்ணிய ஈயத்தைப் பிடிப்பதெப்படி, அமாங் என்னும் கழிவு மணலிலிருந்து இல்மனைட், சிர்கான், மோனசைட் ஆகியவற்றைக் காந்தத்தாலும் மின்சாரத்தாலும் பிரிப்பதெப்படி என்பவை இத்தகைய ஆராய்ச்சியின் பொருள்கள். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை நொறுங்கி, லம்பங்கள் நூற்றுக்கணக்கில் மூடுண்டன. நில ஆய்வு இலாகாவும் சுரங்க இலாகாவும் 1999-இல் ஒன்றாக்கப்பட்டன. கனிம ஆராய்ச்சி நிலையம் ஈப்போவிலேயே நடந்துவருகிறது.

அமாங்கின் கதையில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது கதிர்வீச்சுடையது. கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலிலும் இதே பொருள்தான். இதனைப் பிரித்தெடுக்கும் வழியை மட்டும் ஆராய்ந்து, பிரிப்பவன் சுவாசிக்கும் தூளை ஆராயாமல் விட்டால், அந்த ஆராய்ச்சி அரை ஆராய்ச்சியேயாகும். பொருளைக் காக்கும் அறிவும் ஆளைக் காக்கும் அறிவும் ஒரே கூரையின்கீழ் இருக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இவற்றையெல்லாம் படித்து முடித்த மறுநாள், வேலை தொடங்குமுன் குட்டைக்கரைக்குப் போனோம். கையில் ஒரு மூங்கிற்கோலும் அளவுநாடாவும் கொண்டோம். பாதையின் மேல்மண் கெட்டியாகவே இருந்தது. கோலைச் சற்று அழுத்தியதும் ஒரு முழத்துக்குக் கீழே வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. லம்பத்தார் அந்நாளில் விட்ட சேறு அடியிலே அப்படியே இருந்தது. கரையோரமாகப் பத்தடி நீளத்துக்கு ஒரு வெடிப்பும் கண்டோம். தாத்தா சொன்ன அதே வெடிப்பு. அந்த ஓட்டுநர் எவ்வளவு கவனமாய் ஓட்டியிருந்தாலும் அந்த மண் அவரைத் தாங்கியிராது. நாம் எழுதியது பொய்.

வெட்கத்தோடு நிர்வாகியிடம் சென்று, அளவுகளைக் குறித்து இரண்டாவது கடிதம் ஒன்றைக் கொடுத்தோம். "முடிந்துபோன கேஸை ஏன் கிளறுகிறீர்?" என்று கேட்டார். "கேஸ் முடிந்தது ஐயா, பாதை முடியவில்லை," என்றோம். பாதையை மாற்றும் அதிகாரம் கிராணிக்கு இல்லை. எனினும் ஒரு மாதத்துக்குள் பாதை நாற்பதடி உள்ளே தள்ளிப் போடப்பட்டது. கரையில் சிவப்பு முளைகள் அடிக்கப்பட்டன. ஓட்டுநரின் வீட்டுக்குப் போய், நாம் முதலில் எழுதிய சொல்லையும் பின்பு திருத்திய சொல்லையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான் தப்பாய் ஒடிச்சிட்டேன்னு ராத்திரி ராத்திரி நினைச்சுக்கிட்டிருந்தேன் ஐயா," என்றார். ஒரு சொல் காலை மட்டுமன்றித் தூக்கத்தையும் பறிக்கும் என்பதை அப்போது அறிந்தோம்.

நம் தமிழில் விதி என்பதற்கு இரு பொருள் உண்டு: தலையில் எழுதியதாகச் சொல்லப்படுவது ஒன்று, மனிதர் கூடி ஆராய்ந்து எழுதிக்கொள்வது மற்றொன்று. முதல் விதியை யாரும் படித்ததில்லை. இரண்டாவது விதியை யாரும் படிக்கலாம், திருத்தலாம், மீறியவரைக் கேள்வி கேட்கலாம். தோட்டத்திலோ சுரங்கத்திலோ ஆலையிலோ "காரணம்" என்ற கட்டத்தை நிரப்பும் வேலை உடைய தோழர்கள், பேனாவைத் திறக்குமுன் ஒருமுறை அந்த இடத்துக்கு நடந்துபோய் வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு மூங்கிற்கோலையும் மறவாமல் எடுத்துச்செல்லட்டும்.