நகர்ந்து நின்றேன்!

சகோதரிகளே, ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண். "புருஷன் பெயர்?" என்று கேட்டார் சீட்டு எழுதுகிறவர். அவள் பதில் சொல்லவில்லை. பின்னாலிருந்து யாரோ அவள் தொழிலைச் சொல்லிச் சிரித்தார்கள். சீட்டு வாங்காமலே அவள் திரும்பிப் போனாள். நானோ, புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு நகர்ந்து நின்றேன்!

1992-ல் கல்கத்தா சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜானா என்ன செய்தார், தெரியுமா? வைத்தியத்தை அவர்கள் தெருவுக்கே கொண்டு போனார். அந்தப் பெண்களையே சுகாதார ஊழியர்களாக்கினார். கூச்சமின்றிச் சிகிச்சைக்கு வந்தார்கள். 2022-ல் சுப்ரீம் கோர்ட், பலாத்காரத்துக்கு ஆளாகும் இப்பெண்களுக்கு உடனே வைத்திய உதவி தரவேண்டும் என்று உத்தரவிட்டது.

உத்தரவு சரி, வரிசையில் நிற்கும் நாம்? இனி நான் நகர மாட்டேன். நீங்கள்?