செத்த எலும்பும் ஒரு வருடமும்

முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, பிளேட் வைத்து, தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிய காலில் மூன்றாம் மாதம் ஒரு சின்ன ஓட்டை விழுகிறது. அதிலிருந்து சீழ் கசிகிறது. மாவட்ட மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. வருகிறவர் கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும், உள்ளே எக்ஸ்ரேவும் கிளினிக் கிளினிக்காக வாங்கிய மாத்திரைச் சீட்டுகளும். “இன்னும் பவரா ஒரு ஊசி இருந்தா போடுங்க சார்” என்பார்.

ஊசியால் தீராது என்று அவருக்கும் கூட வந்தவருக்கும் புரிய வைப்பதில்தான் வைத்தியமே தொடங்குகிறது. மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேரும். விபத்தில் தசையும் மேலுறையும் உரிந்துபோன எலும்புத் துண்டுக்கு ரத்தம் போவதில்லை, அது செத்துவிடுகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் அந்தத் துண்டின் மேலும் பிளேட்டின் மேலும் பிசுபிசுப்பான படலம் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும். விலை உயர்ந்த மருந்து கொடுத்தால் சீழ் சில நாள் நிற்கும். மருந்து முடிந்ததும் மறுபடி கசியும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்பக்கத்தில் எலும்பை மூடத் தோல் மட்டுமே உண்டு, தசை கிடையாது. டூவீலர் விபத்தில் இந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதும் பிறகு சீழ் வைப்பதும் அதனால்தான்.

செத்த துண்டு எதுவென்று கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. இல்லையே என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஊன்றாத காலில் உயிருள்ள எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழந்து மங்கிவிடும். ரத்தம் இல்லாத துண்டு இழப்பதற்கு வழியில்லாமல் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். சாதாரண எக்ஸ்ரேயை நிதானமாகப் பார்த்தாலே பெரும்பாலும் இது பிடிபடும்.

ஓட்டையில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்த சீழைக் கல்ச்சருக்கு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் வளர்வது பல நேரம் தோலில் இருக்கும் கிருமிதான். நோயாளியின் உடம்பு தாங்குமென்றால் ஆன்டிபயாடிக்கை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, அறுவையின்போது ஆழத்தில் ஐந்து இடங்களில் திசு எடுத்து, ஒவ்வொன்றையும் தனிக் கருவியால் தனிக் குப்பியில் போட்டு அனுப்ப வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அறுவையில் முதல் வேலை, சீழ் பிடித்து ஆட்டம் கண்டிருக்கிற பிளேட்டைக் கழற்றுவது. அடுத்து உளியும் சுத்தியும். ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிகேவை இந்தக் கட்டத்தில் நான் தளர்த்திவிடுவேன். ஓட்டம் இருந்தால்தானே எது உயிரோடு இருக்கிறது என்று தெரியும்? செத்த எலும்பு தந்த நிறத்தில் வழவழவென்று இருக்கும். உளி பட்டால் வறண்ட சில்லாகத் தெறிக்கும். சலைன் ஊற்றிக்கொண்டே சீவிப் போனால் ஓரிடத்தில் உளியின் சத்தம் மாறும். வெட்டிய முகத்தில், மிளகாய்த் தூளைத் தூவினாற்போல, பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் எழும். அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் நிறுத்தினால் சீழ் திரும்பும். இடைவெளி பெரிதாகிவிடுமே என்று கை தயங்கும், தயங்கக் கூடாது.

வெட்டிய குழியை வெறுமையாக விட முடியாது. தொழிற்சாலையில் செய்து வரும் மருந்து மணிகள் எங்கள் ஸ்டோருக்கு வருவதில்லை, நாங்களே உருட்டுகிறோம். 40 கிராம் எலும்பு சிமென்ட் பொடியில் 2 கிராம் வான்கோமைசின் பொடியைக் கலந்து, திரவம் ஊற்றிப் பிசைந்து, மாவுப் பதம் வந்ததும் ஸ்டீல் கம்பியில் மணி மணியாகக் கோக்க வேண்டும். இறுகும்போது சிமென்ட் சூடாகும். அந்தச் சூட்டைத் தாங்கும் மருந்தாகத்தான் சேர்க்க வேண்டும், வான்கோமைசினும் ஜென்டாமைசினும் தாங்கும். ரத்தத்தின் வழியாக எட்டாத செறிவில் மருந்து அந்த இடத்திலேயே கசியும். உள்ளே வைத்த மணிகளை எண்ணி கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும், சில வாரம் கழித்து வெளியே எடுக்கப்போவது வேறு டாக்டராக இருக்கலாம். எலும்பு ஆடாமல் இருக்க வெளியிலிருந்து கம்பி போட்டு ஃபிக்ஸேட்டர் மாட்டுகிறோம்.

இடைவெளி சிறிதென்றால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து நிரப்பலாம். பெரிதென்றால் சைபீரியாவின் குர்கான் நகரத்து டாக்டர் இலிசாரோவ் 1950களில் உருவாக்கிய வளையக் கருவிதான் கதி. எலும்பை வேறோர் இடத்தில் வெட்டி, நட்டைத் திருகித் திருகி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவது. திருகுவது நோயாளியேதான், கால் மில்லிமீட்டராக நாலு தடவை. 5 சென்டிமீட்டர் நகர 50 நாள். நகர்ந்து வந்த இடத்தில் புது எலும்பு கெட்டிப்பட இன்னும் பல மாதம்.

எங்களிடம் உண்மையில் இல்லாதது இந்தக் காலம்தான். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. அருமையான திட்டம், உயிர்களைக் காக்கிறது. சீழோ மூன்றாம் மாதம் வருகிறது. அறுவைக்குக் காப்பீடு கிடைத்தாலும், ஒரு வருடம் வேலைக்குப் போகாத கொத்தனாரின் வீட்டில் யார் உலை வைப்பது? டிரெஸ்ஸிங்குக்கு வர இரண்டு பேருக்குப் பஸ் காசு, முட்டை, சர்க்கரை மாத்திரை, எல்லாம் அந்த வருடத்துக்குள் வர வேண்டும். பீடியை விடச் சொல்கிறேன், எலும்பு கூடுவதை அது தள்ளிப்போடுகிறது. வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அதை விடுவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும்.

“ஒரு வருஷம் எல்லாம் என்னால படுக்க முடியாது சார், காலை எடுத்துடுங்க” என்று சொல்கிறவர்களும் உண்டு. முழங்காலைக் காப்பாற்றி அதற்குக் கீழே எடுத்து, நல்ல செயற்கைக் கால் பொருத்தினால் சில மாதத்தில் வேலைக்குப் போகலாம். எலும்பைக் காப்பாற்றத்தான் படித்தோம் என்பதற்காக அவரை வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. இரண்டு வழியையும், வீட்டுச் செலவையும் சேர்த்து, அவருக்கும் அவர் மனைவிக்கும் உட்கார்ந்து சொல்கிறேன். முடிவெடுக்க ஒரு வாரம் கொடுக்கிறேன்.