குடித்து வளர்ந்த தண்ணீரைப் பார்க்கப் போனோம்!

"பத்திரப்பதிவு முடிஞ்சிருச்சு. நாளைக்கு ராத்திரி பொதிகையில கிளம்புறேன். பகல் முழுக்கச் சும்மாதான் இருப்பேன். தண்ணி இருக்கிற இடமா எங்கயாவது கூட்டிட்டுப் போடி!"

பள்ளித் தோழி சென்னையிலிருந்து வந்திருந்தாள். ராஜபாளையத்தில் இருந்த அவர்களின் வீட்டை விற்றுவிட்டார்கள். இனி இந்த ஊருக்கு வர அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது? அந்தக் கேள்வியோடுதான் மறுநாள் காலை ஸ்கூட்டியை எடுத்தேன்.

அய்யனார் கோயில் சாலையில், மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தாண்டி மேற்கே போனால் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை ஓடையாக இறங்கி வந்து இங்கே சேர்கிறது. ராஜபாளையம் நகராட்சிக்குக் குடிநீர் தரும் இடம் என்பதால் குளிக்கவோ துணி துவைக்கவோ கூடாது. கரையோரம் நின்று பார்த்தோம். மலையின் நிழல் தண்ணீரில் கிடந்தது.

"பதினேழு வருஷம் இதைத்தான் குடிச்சிருக்கேன். ஒரு நாள் கூட வந்து பார்த்ததில்ல" என்றாள். அங்கே அவள் வாங்குவது கேன் தண்ணீர். எங்கிருந்து வருகிறது என்று கேட்டதே இல்லையாம்.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். ஊருக்குள் நுழையும் முன்பே ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரம் தெரிந்துவிட்டது. பெரியகுளம் கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்தினோம். இந்தக் கண்மாய்க்கும் மலைத் தண்ணீர்தான். கொக்குகள் இரை தேடிக்கொண்டிருக்க, அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள். விற்ற வீட்டைப் பற்றி அப்போதுதான் பேசினாள். கிணற்றடி, மொட்டை மாடி, அப்பா வைத்த முருங்கை... நான் குறுக்கே பேசவில்லை.

மாலையில் திருமுக்குளம். கங்கை, யமுனை, சரஸ்வதி மூன்றும் வந்து சேர்ந்த குளம் என்பது ஐதீகம். மார்கழியில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு உற்சவம் இங்கேதான். படியில் உட்கார்ந்து, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவைப் பொட்டலம் பிரித்துத் தின்றோம்.

ரயிலுக்குக் கிளம்பும் முன் எங்கள் வீட்டுக் குடத்திலிருந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டாள். "ஆடிப்பூரத் தேருக்கு வர்றேன். உங்க வீட்லதான் தங்குவேன், அம்மாகிட்ட சொல்லிரு" என்றாள். காலையில் எனக்குள் இருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நீங்களும் போகிறீர்களா?

* சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் பொதிகை எக்ஸ்பிரஸ் இரண்டு ஊர்களிலும் நிற்கும்.
* மலையடிவாரம் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டியது. வனத்துறை அனுமதிக்கும் இடம் வரை மட்டும் போங்கள்.
* மழைக்காலத்தில் அய்யனார் கோயில் ஆற்றில் திடீர் வெள்ளம் வரும். தடை இருந்தால் இறங்க வேண்டாம்.
* பிளாஸ்டிக் குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். அது ஓர் ஊரின் குடிதண்ணீர்!